மேசை ரன்னரும் சின்னச் சின்ன குவில்ட் வேலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை சனிக்கிழமை பிற்பகலில் தையல் மேசையாகிவிடும். அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பெண்கள் வருவார்கள், சில நாள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவ்வப்போது சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கட்டிலுக்குப் போடும் பெரிய குவில்ட் பக்கம் நான் போகவில்லை. மேசையின் நடுவில் நீளவாட்டில் விரிக்கும் ரன்னர், தட்டு விரிப்பு, கோப்பைக்கு அடியில் வைக்கும் கோஸ்டர், சட்டி பிடிக்கும் துணி, இவ்வளவுதான் இங்கே.

குவில்ட்டிங் என்றால் ஒட்டுத் துணி தைப்பதுதானே?

பாதி சரி. துண்டுத் துணிகளை இணைத்து ஒரு முழுத் துணியாக்குவது ஒட்டு வேலை, அதாவது பேட்ச்வொர்க். அந்த மேல் துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி என்று மூன்றையும் அடுக்கி, ஒன்றைவிட்டு ஒன்று நகராதபடி மேலிருந்து அடிவரை தையல் ஓட்டுவதைத்தான் குவில்ட்டிங் என்கிறோம். மேல் துணி ஒட்டுப் போட்டதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மெழுகு வைத்துச் சாயமேற்றிய ஒரே பாத்திக் துண்டை வைத்து அப்படித் தைத்தாலும் அது குவில்ட்தான்.

இது வெள்ளைக்காரர் கைவேலை, நமக்கு வராது என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுச் செய்யும் விரிப்புக்குப் பெயர் காந்தா. நாம் சொல்லும் ‘கந்தை’யும் அந்தச் சொல்லின் உறவுதான். இங்கே மலாய்க்காரர்களிடம் ‘தம்பால் செரிபு’ உண்டு, ஆயிரம் ஒட்டு என்று பொருள். தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கவிடும் தொம்பை, துணிமேல் துணியை வெட்டி வைத்துத் தைப்பது. நமக்கு அந்நியமான வேலை இல்லை இது.

முதலில் எதைத் தைக்கலாம்? நேராக ரன்னரிலேயே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். ஆனால் அதற்கு முன் நாலு கோஸ்டர் தைத்துவிடுங்கள். நாலரை அங்குலச் சதுரம், இரண்டு துணி, நடுவில் பேட்டிங் துண்டு. துணி வெட்டுவது, அடுக்குவது, குவில்ட் தையல், ஓரப் பட்டி எல்லாம் அந்தச் சதுரத்துக்குள்ளேயே பழகிவிடும். கோணலாகப் போனாலும் வீணாவது உள்ளங்கை அளவுத் துணிதான். கோப்பிக் கோப்பையை அதன்மேல் வைத்தால் கோணல் யாருக்குத் தெரியப் போகிறது?

அப்புறம் ரன்னர். கட்டில் குவில்ட்டை வீட்டு மெஷினின் கைக்குள் நுழைத்துத் திருப்புவது பெரும்பாடு. ரன்னர் ஒரு முழ அகலம்கூட வராது. சுருட்டாமலேயே உள்ளே போகும், எடை தோளை இழுக்காது.

என்னிடம் இருப்பது பாட்டியின் கறுப்பு சிங்கர் மிதி மெஷின். போதுமா அக்கா?

தாராளமாகப் போதும். நமக்கு வேண்டியது நல்ல நேர்த்தையல் ஒன்றுதான். அதில் அந்த மெஷினை மிஞ்ச முடியாது. எண்ணெய் விட்டு, வாரைச் சரிபார்த்து, புது ஊசி போடுங்கள். துண்டுகளை இணைக்க 80/12 ஊசி, மூன்று அடுக்கும் சேர்த்துத் தைக்க 90/14. பின்னோக்கித் தைக்கும் வசதி இல்லையே என்று கவலை வேண்டாம். ஒட்டு வேலையில் ஒரு தையலின் நுனியை அடுத்த தையல் குறுக்கே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

மெஷினே இல்லாவிட்டால்?

கையால் தையுங்கள். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் எடுக்காதீர்கள், சிக்கு விழும். துண்டுகளை இணைக்கும்போது ஓட்டுத் தையலில் நாலைந்துக்கு ஒருமுறை ஒரு பின்தையல் போட்டால் பிரியாது. கை குவில்ட்டில் அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் வந்தாலே அழகுதான். எண்ணிக்கையை விட எல்லாம் ஒரே நீளமாக விழுவது முக்கியம்.

சாமான் என்னென்ன வாங்க வேண்டும்?

45 மில்லிமீட்டர் வட்டக் கத்தி, அதற்கு அடியில் வைக்கும் வெட்டுப் பாய், 6க்கு 24 அங்குலக் கண்ணாடி போன்ற அளவுகோல். மூன்றும் இருந்தால் ஒரு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் கெட்டி அட்டையில் சதுரம் வெட்டி, பென்சிலால் வரைந்து, நல்ல கத்தரிக்கோலால் வெட்டலாம். நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் வெட்டினேன்.

இரண்டு எச்சரிக்கை. வட்டக் கத்தியைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மூடிவிட்டு வையுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது. இரண்டாவது, வெட்டுப் பாயை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், அதன்மேல் இஸ்திரியும் போடாதீர்கள். ஒருமுறை நெளிந்த பாய் பழைய நிலைக்கு வராது.

துணி எங்கே வாங்குவது? எந்தத் துணி நல்லது?

பினாங்கில் இருப்பவர்களுக்கு லிட்டில் இந்தியாதான் கைக்கெட்டும் தூரம். நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபு பாசார், அதை ஒட்டிய லெபு பினாங்கு, மாரியம்மன் கோயில் இருக்கும் லெபு குயின், இந்த மூன்றையும் ஒரு சுற்றுச் சுற்றினால் ரவிக்கைத் துணியிலேயே எத்தனையோ நிறம் கிடைக்கும். பாத்திக் வேண்டுமானால் தெலுக் பஹாங் பக்கம் போகலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் மஸ்ஜிட் இந்தியாவும் இருக்கின்றன. நாள் முழுக்கச் சுற்றலாம்.

வாங்க வேண்டியது முழுப் பருத்தி. பாலியஸ்டர் கலந்த துணி மடிப்பில் நிற்காது, இஸ்திரி போட்டாலும் தையல் ஓரம் துள்ளிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் “காட்டன்தான்” என்று சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாளைப் போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுத்த மணியாகக் கெட்டிப்படும். ஒரு துணிக்குக் கால் மீட்டர் மட்டும் வாங்கி இந்தச் சோதனை செய்துவிட்டு, அப்புறம் மிச்சத்தை வாங்குவது என் வழக்கம்.

அகலத்தையும் கேட்டு வாங்குங்கள். பருத்தித் துணி பெரும்பாலும் 44, 45 அங்குலம் வரும். கரை ஓரத்தைக் கழித்தால் 42 அங்குலம் என்று கணக்கு வைப்பது பாதுகாப்பு.

வீட்டில் இருக்கும் கைலி, பாத்திக் சாரோங், சேலை எல்லாம் ஆகுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. புதுத் துணி வாங்குவதற்கு முன் எல்லாரும் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

கட்டம் போட்ட பருத்திக் கைலி ஒட்டு வேலைக்கென்றே நெய்தது போல இருக்கும். மலாய்க்காரர்கள் இதைக் காயின் பெலிக்காட் என்கிறார்கள். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காடு. அந்தக் கரையிலிருந்து கப்பலேறி வந்த துணிக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. கட்டத்தின் கோடு நூலோட்டத்தைக் காட்டிவிடுவதால் பழகாத கையும் நேராக வெட்டும். அப்பாவின் கைலி உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் நைந்திருக்கும், தலைப்புகள் திடமாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் வலை மாதிரி ஊடுருவும் இடத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்திலிருந்து வெட்டுங்கள்.

பாத்திக் சாரோங் நெருக்கமாக நெய்த பருத்தியாக இருந்தால் மிகவும் நல்லது. புதியதில் மெழுகு கொஞ்சம் தங்கியிருக்கும், தடவினால் வழவழப்பு தெரியும். முதலில் சுடுதண்ணீரில் அலசி எடுங்கள். பெரிய பூவைச் சின்னச் சதுரமாக நறுக்கினால் பூவும் போய்விடும், சதுரமும் எடுபடாது. அதை முழுதாக நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஒற்றை நிறப் பட்டி கொடுங்கள்.

பருத்திச் சேலை மெல்லியது. பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் வைத்தால் துண்டு நெளியாது. பட்டுக்கு அது கட்டாயம். இல்லாவிட்டால் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வரும். ஜரிகைக் கரையை நேர் இஸ்திரியில் தேய்க்காதீர்கள், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துக் குறைந்த சூட்டில் அழுத்துங்கள். பட்டு ரன்னர் அன்றாடச் சாப்பாட்டு மேசைக்கு உதவாது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ விளக்கு வைக்கும் மேசைக்கு விரிக்கலாம்.

துணியைத் துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டுமா?

ஆமாம். வெளிநாட்டில் சிலர் துவைக்காமல் தைப்பார்கள், அங்கே கிடைக்கும் குவில்ட் துணிக்கு அது ஒத்துவரலாம். நாம் வாங்கும் ரவிக்கைத் துணிக்கும் கைலிக்கும் சாயத்தைப் பற்றி உத்தரவாதம் இல்லை.

நான் பட்டது இது. ஒரு கடையில் மெரூன் துணி வாங்கினேன், சாயம் போகாது என்றார்கள். நம்பி, வெள்ளையோடு மாற்றி மாற்றி வைத்து ஒரு முழு ரன்னர் தைத்தேன். முதல் துவைப்பிலேயே வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு இவற்றைத் தனித்தனியாகச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசாமல் வெட்டுவதில்லை. அலசிய ஈரத் துணியை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் பிடித்தால் இன்னொரு முறை அலச வேண்டும். மூன்று நாலு முறைக்குப் பிறகும் பிடித்தால் அந்தத் துணியை ரன்னருக்கு எடுக்காதீர்கள்.

உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். கடையில் வாங்கும் சாயமேறிய துணியில் அது வேலை செய்வதில்லை. தைத்த பிறகு சாயம் இறங்கிவிட்டால் காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே பெரிய வாளி நிறையச் சுடுதண்ணீரில் கொஞ்சம் சலவைத் திரவம் கலந்து, முழுதும் மூழ்கும்படி இரவு முழுக்க ஊறவிடுங்கள். பெரும்பாலும் துணியைக் காப்பாற்றிவிடலாம். எனக்கு அன்று இது தெரியாது.

என் மேசைக்கு என்ன அளவு? எவ்வளவு துணி வேண்டும்?

மேசையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு ரன்னரின் அகலம். நீளத்தில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் தொங்கலாம். கண்டிப்பான விதி இல்லை, கண்ணுக்கு நன்றாக இருக்கும் அளவு, அவ்வளவுதான். மேசையில் தினமும் சாப்பிடுகிற வீடாக இருந்தால் தொங்கவிடாமல் மேசைக்குள்ளேயே முடிப்பது நல்லது. சின்னப் பிள்ளைகள் நுனியைப் பிடித்து இழுத்தால் மேலே இருக்கும் சூடான குழம்பும் சேர்ந்து வரும்.

ஆறு பேர் உட்காரும் ஒன்றரை மீட்டர் மேசைக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது. முடிந்த பிறகு 12 அங்குல அகலம், 72 அங்குல நீளம். நாலு அங்குலச் சதுரம் அகலத்தில் மூன்று, நீளத்தில் பதினெட்டு, ஆக 54 சதுரம். தையலுக்குச் சுற்றிலும் கால் கால் அங்குலம் விட வேண்டும், அதனால் வெட்டும் அளவு நாலரை அங்குலம். 42 அங்குல அகலத்தில் ஒரு வரிசைக்கு 9 சதுரம் கிடைக்கும். மூன்று நிறம் என்றால் நிறத்துக்கு இரண்டு வரிசை, 9 அங்குலம். துவைத்தால் சுருங்குவதையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் 30 சென்டிமீட்டர் வாங்குங்கள். அடித்துணிக்கு ஒரு மீட்டர். அதில் 16 அங்குலப் பட்டி இரண்டு வெட்டி நீளவாட்டில் இணைத்துக்கொள்ளலாம். ஓரப் பட்டிக்கு 40 சென்டிமீட்டர். பேட்டிங் 41 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு மீட்டர் நீளம்.

சதுரங்களின் முனை ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கிறதே!

கால் அங்குலம் கால் அங்குலமாக இல்லை, காரணம் பெரும்பாலும் அதுதான். ஒரு தையலில் மயிரிழை அளவு கூடினால் ஒன்றும் தெரியாது. ஆனால் மேலே சொன்ன ரன்னரில் நீளவாட்டில் பதினேழு இணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் அரைக்கால் அங்குலம் தின்றுவிட்டால் கடைசியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். மூன்று வரிசையும் மூன்று நீளத்தில் வந்து நிற்கும்.

ஒரு சோதனை இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டியை அளந்து பாருங்கள். சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஓரத்தில் அதிகம் விடுகிறீர்கள், கூடினால் குறைவாக விடுகிறீர்கள். சரியான இடம் பிடிபட்டதும் மெஷின் தட்டில் அந்த இடத்தில் ஒரு பசை நாடாவை ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும்படி தைத்துப் பழகுங்கள். ரவிக்கை தைத்துக் கைபழகியவர்களுக்குத்தான் இது முதலில் கஷ்டம், பிரித்துப் பெரிதாக்கத் தாராளமாகத் துணி விட்டுப் பழகிய கை அது.

அப்புறம் இஸ்திரி. ஒவ்வொரு தையலுக்கும் ஒருமுறை, தள்ளாமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். இழுத்துத் தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். முதல் வரிசையில் தையல் ஓரங்களை வலப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையில் இடப்பக்கம் சாயுங்கள். இரண்டு வரிசையையும் முகத்துக்கு முகம் வைத்து விரலால் நெருக்கினால் எதிரெதிர் மடிப்புகள் ‘டக்’கென்று ஒன்றில் ஒன்று பொருந்தி நிற்கும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் முனை தவறாது.

முக்கோணம் வைக்க ஆசை. எப்படி வெட்டுவது?

முக்கோணமாக வெட்டாதீர்கள், குறுக்கு வாட்டம் இழுபடும். இரண்டு நிறத்தில் ஐந்து அங்குலச் சதுரங்களை முகத்துக்கு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டி விரியுங்கள். இரண்டு சதுரம் கிடைக்கும், நாலரைக்குச் சீவிக்கொள்ளுங்கள்.

நடுவில் எந்தப் பஞ்சு வைக்க? வீட்டில் இலவம்பஞ்சு நிறைய இருக்கிறது.

இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது. ரன்னருக்குள் வைத்தால் இரண்டு துவைப்பில் ஒரு மூலைக்குப் போய்க் குவிந்துகொள்ளும். நமக்குத் தாள் மாதிரி விரியும் பேட்டிங் வேண்டும். ரன்னருக்கு மெல்லிய பருத்திப் பேட்டிங்தான் என் தேர்வு. தட்டையாகப் படியும், டம்ளர் சாயாமல் நிற்கும். பாலியஸ்டர் பேட்டிங் விலை குறைவு, புசுபுசுவென்று இருக்கும், சீக்கிரம் காயும். சுவரில் தொங்கவிடும் வேலைக்கு அது சரி. எதுவும் கிடைக்கவில்லையா? பழைய ஃபிளானல் போர்வையைத் துவைத்து நடுவில் வையுங்கள்.

சூடான சட்டியை வைக்கலாமா?

பருத்திப் பேட்டிங் இரண்டு அடுக்கு வைத்த சட்டிப் பிடிதுணிமேல் வைக்கலாம். பாலியஸ்டர் சூட்டில் உருகும், அதற்கு வேண்டவே வேண்டாம். மைக்ரோவேவுக்குள் போகும் கிண்ண உறை தைப்பதானால் துணி, பேட்டிங், நூல் மூன்றும் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். ஜரிகை ஒரு இழைகூட இருக்கக் கூடாது, தீப்பிடிக்கும். உள்ளே வைத்த பிறகு நிமிடக்கணக்கில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூன்று அடுக்கையும் தைக்கும்போது அடித்துணி சுருங்கி மடிப்பு விழுகிறது.

அடித்துணியை மேசைமேல் தவறான பக்கம் மேலே தெரியும்படி விரித்து, ஓரங்களைப் பசை நாடாவால் ஒட்டுங்கள். இறுக்கமாக இழுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். அதன்மேல் பேட்டிங், அதன்மேல் மேல் துணி. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவிவிட்டு, ஒரு கையகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் அப்புறம் பிரித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். பேட்டிங்கும் அடித்துணியும் மேல் துணியைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கட்டும், கடைசியில் சீவிக்கொள்ளலாம்.

வாக்கிங் ஃபுட் என்று மெஷினில் ஊசிக்குப் பக்கத்தில் மாட்டும் கால் ஒன்று கிடைக்கிறது. அடியில் இருக்கும் பற்கள் துணியை இழுக்கும்போது இது மேலிருந்தும் இழுக்கும், அதனால் அடுக்குகள் சேர்ந்தே நகரும். உங்கள் மெஷினில் அந்தக் காலை மாட்டும் தண்டு குட்டையா உயரமா என்று பார்த்து வாங்குங்கள். தையல் நீளத்தை மூன்றுக்கு மாற்றிக்கொண்டு, நடுக்கோட்டை முதலில் தைத்து, ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் என்று ஓரத்துக்குப் போங்கள்.

நேர்க்கோடு மட்டும்தான் தைக்க முடியுமா? வேறு என்ன வடிவம் போடலாம்?

கோலம் போடுங்கள்! சிக்குக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, கை எடுக்காமல், தொடங்கிய இடத்திலேயே முடியும். மெஷினில் குவில்ட் செய்கிறவர்கள் தேடுவது இப்படி அறுபடாமல் ஓடும் கோட்டைத்தான். நூலை வெட்டி முடிச்சுப் போட்டு மறுபடி ஆரம்பிக்கிற வேலையே இல்லை. ஒரு தட்டு விரிப்பின் நடுவில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்த சின்னக் கோலம், ஒற்றை நிறத் துணி, அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் நூல். மாலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்தக் கோடு பள்ளமாக இறங்கி, புள்ளி இருந்த இடமெல்லாம் மெத்தென்று மேலே எழும்பித் தெரியும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையால் தடவாமல் போவதில்லை.

வளைவுகளை மெஷினில் போடப் பற்களைக் கீழே இறக்கிவிட்டு, துணியை இறுக்கிப் பிடிக்காத டார்னிங் ஃபுட் என்கிற காலை மாட்டி, துணியை நாமே நகர்த்த வேண்டும். பழகாதவர்கள் கையாலேயே ஓட்டுத் தையலில் போடலாம், இரண்டு மூன்று மாலைகளில் ஒரு விரிப்பு முடியும்.

வரைவதற்குத் தையல் சாக் போதும். தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்தால் அழிக்கும்முன் இஸ்திரி போடாதீர்கள், கறை நிலைத்துவிடும். இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவும் இருக்கிறது. அது கடுங்குளிரில் மறுபடி தெரியும். பனி பெய்யும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் பரிசில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஓரப் பட்டியின் மூலை மட்டும் எனக்கு எப்போதும் உருண்டையாக வருகிறது.

இரண்டரை அங்குலப் பட்டிகளைச் சாய்வாக இணைத்து நீளமாக்கி, நீளவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். திறந்த ஓரம் ரன்னரின் ஓரத்தோடு சேர, மேல் பக்கத்தில் வைத்து, கால் அங்குலத்தில் தைத்துக்கொண்டே வாருங்கள். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்னால் நிற்க வேண்டும். எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. முன்கூட்டியே அங்கே ஒரு பென்சில் புள்ளி வையுங்கள். புள்ளியில் ஊசி இறங்கியிருக்க, ரன்னரைக் கொஞ்சம் திருப்பி, மூலையின் நுனியை நோக்கிச் சாய்வாகத் தைத்து வெளியே வந்துவிடுங்கள். இப்போது பட்டியை மேல்நோக்கி மடியுங்கள். சாய்வுத் தையலே மடிப்புக்கு வழி காட்டும். பட்டி அடுத்த பக்கத்தின் ஓரத்துக்கு நேராக மேலே போகும். பிறகு அதையே கீழே மடக்குங்கள். மேல் மடிப்பு முதலில் தைத்த பக்கத்தின் ஓரத்தோடு சரியாகச் சேர வேண்டும். ஓரத்திலிருந்தே தையலைத் தொடங்குங்கள். பட்டியைப் பின்பக்கம் திருப்பினால் மூலையில் உறை மடித்தது போல ஒரு சாய்கோடு கூர்மையாக விழும். பின்பக்கத்தைக் கையால் மறைதையல் போடுங்கள். அதை மட்டும் நான் மெஷினுக்குக் கொடுப்பதில்லை.

திறந்த இல்ல உபசரிப்பில் ரன்னரில் குழம்பு கொட்டிவிட்டது. சோப்பு போட்டால் மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது! அவ்வளவுதானா?

பயப்படாதீர்கள். மஞ்சளின் இயல்பு அது, சோப்பின் காரம் பட்டால் சிவக்கும். நல்ல தண்ணீரில் அலசினால் மறுபடி மஞ்சளாகும். முதலில் எண்ணெய் போக வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் தடவி, விரலால் மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். அப்புறம் ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாள் காய்ந்தால் பெரும்பாலும் போயே போய்விடும். துணியின் சாயத்தையும் வெயில் வெளுக்கும், ஆகையால் கறை இருக்கும் இடத்தை மட்டும் விட்டு மற்றதை ஒரு துண்டால் மூடிவையுங்கள். குளோராக்ஸ் மாதிரி வெளுப்பானைப் பாத்திக் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கறைக்குப் பயந்து ரன்னருக்கு மேலே பிளாஸ்டிக் விரிக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. துவைக்கத்தான் இத்தனை முறை அலசிச் சாயம் பார்த்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு தைத்திருக்கிறோம். எடுத்துவிடுங்கள்.

மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது.

முழுதும் காயாமல் மடித்திருப்பீர்கள். பேட்டிங் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மேலே தொட்டால் தெரியாது. காய்ந்தது போலத் தெரிந்த பிறகும் மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், பழைய தலையணை உறைக்குள் சுருட்டி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள்.

விற்க முடியுமா?

முடியும். கோஸ்டரும் தட்டு விரிப்பும் பண்டிகைக்கு முன்னால் நன்றாகவே போகும். ரன்னருக்கு என் நேரத்தைக் கணக்குப் பார்த்தால், இரண்டு வார இறுதி போகிறது. துணிக் காசோடு பத்து இருபது ரிங்கிட் சேர்த்து விலை சொல்லாதீர்கள். தெரிந்தவர் என்று ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தால் அதுவே எல்லாருக்கும் விலையாகிவிடும். அப்படிக் கொடுப்பதைவிடப் பரிசாகக் கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

அம்மாவின் பருத்திச் சேலை ஒன்று இருக்கிறது. ஏதாவது தைத்து வைக்க ஆசை, கத்தரி வைக்க மனம் வரவில்லை.

மனம் வராமல் முந்தானையில் கை வைக்காதீர்கள். நான் சொல்வது இன்னொரு முனை, இடுப்பில் முதலில் செருகும் உள்தலைப்பு. கட்டினால் வெளியே தெரியாத பகுதி அது. அங்கேயிருந்து 25 சென்டிமீட்டர் மட்டும், கரையோடு, குறுக்கே வெட்டுங்கள். வெட்டும் முன் ஒரு நூலை உருவிக்கொண்டால் அந்த இடைவெளியே நேர்க்கோடு காட்டும். அந்தத் துண்டில் நாலரை அங்குலச் சதுரம் 18 வரும். மெல்லிய கேன்வாஸ் ஒட்டி, பருத்திப் பேட்டிங் வைத்து, அடியில் வேறு துணி கொடுத்தால் 18 கோஸ்டர். கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஆறு. கரை விழுந்த சதுரங்களைச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள், எல்லாரும் அதைத்தான் முதலில் தேடுவார்கள். வெட்டிய தலைப்பை மடித்து அடித்துவிட்டால் ஐந்தேகால் மீட்டர் சேலை மிச்சம் இருக்கும். அதை நீங்கள் கட்டிக்கொள்ளலாம்.